ஜெர்மனி தரும் வேலையில்லாக்காலப் பணத்தை வாங்கிக்கொண்டே வேறு நாட்டில் வேலை தேடலாமா?

ஸ்டுட்கார்ட்டில் வேலை போய்விட்டது, ஆர்பைட்ஸ்லோசன்கெல்ட் (வேலையில்லாக்காலப் பணம்) வருகிறது, அதை வாங்கிக்கொண்டே நெதர்லாந்தில் போய் வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேடலாம். ஆனால் உங்களிடம் இருப்பது எந்த பாஸ்போர்ட் என்று சொல்லவில்லையே! எல்லாமே அதில்தான் இருக்கிறது.

2023இல் நானும் இதே கேள்வியோடு ஆர்பைட்சாம்ட் (வேலைவாய்ப்பு அலுவலகம்) போனேன். கைக்குழந்தை இருந்ததால் நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம் வந்துகொண்டிருந்தது (பிள்ளை இல்லாதவர்களுக்கு 60). அங்கிருந்த அம்மா என் ப்ளூ கார்டை (படித்த வெளிநாட்டவர் இங்கே தங்கி வேலை செய்யத் தரும் அனுமதி அட்டை) திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெதர்லாந்தில் வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சட்டம் அப்படித்தான். 2010இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, பணத்தோடு வேறு உறுப்பு நாட்டில் போய் வேலை தேடும் இந்த ஏற்பாட்டில் நம்மைப் போன்ற, ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களையும் சேர்த்தது. ஆனால் போகிற நாட்டில் வேலை தேடுபவராகப் பதியவும் வேலை பார்க்கவும் உரிமை இருந்தால் மட்டுமே. டென்மார்க் அந்த விதியிலும் சேரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை என்றால் கதை வேறு. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இப்படித்தான் வியன்னா போனார். வேலை போன பிறகு இங்கே குறைந்தது 4 வாரம் பதிவில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு யூ2 என்ற படிவம் தருவார்கள். அதை வாங்காமல் ரயில் ஏறிவிடாதீர்கள். கிளம்பிய 7 நாளுக்குள் அந்த ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் இடையில் ஒரு நாள் பணம்கூட விடுபடாது. தாமதித்தால் பதிந்த நாளிலிருந்துதான் கணக்கு. பணம் ஜெர்மனியிலிருந்தே வரும், 3 மாதத்துக்கு. கேட்டால் 6 மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அது ஜெர்மன் அலுவலகத்தின் மனசு.

படிவத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் திரும்பாவிட்டால் மிச்சமிருக்கும் பணம் மொத்தமும் போகும். நண்பருக்கு இரண்டாம் சுற்று நேர்காணல் அந்தத் தேதிக்கு மூன்று நாள் கழித்துத்தான் அமைந்தது. மனிதர் ராத்திரி ரயிலில் ஸ்டுட்கார்ட் வந்து, காலையில் அலுவலகத்தில் முகம் காட்டி, சொல்லிவிட்டு மறுபடி வியன்னா போனார்.

இந்திய பாஸ்போர்ட் என்றால் நான் செய்ததைச் செய்யுங்கள். இங்கேயே பதிவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். நேரில் கூப்பிட்டால் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போகலாம், வருடத்துக்கு 3 வாரம் வரை. டிக்கெட் செலவுக்கும் உதவி கேட்டுப் பாருங்கள், ஆனால் பயணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நான் வந்த பிறகு ரசீதை நீட்டினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.