தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: என் மாமியார் நடவு, களை, அறுப்பு, அப்புறம் உளுந்து பறிப்பு என்று இன்றைக்கும் கூலிக்குப் போகிறார். வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த தம்பி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டார். மாமனாருக்கு மட்டும் 'விவசாயக் கூலி'. இருவரும் போவது ஒரே வயலுக்கு. மாற்ற வேண்டும் என்றால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறார் என் கணவர். நீங்கள் சொல்லுங்கள் மேடம்.
- ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: விஷயம்தான். வக்கீல் நான் சொன்னதாகவே உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

அரசாங்க எழுத்தில் ஆண் வாடை என்று பேச்செடுத்தால், எல்லோரும் சட்டத்தில் வரும் 'அவன்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆண்பாலில் சொன்னது பெண்ணுக்கும் பொருந்தும் என்று சட்டங்களில் வரும் சொற்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று சொல்லும் 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 13-வது பிரிவில் அதற்கு வழி செய்துவிட்டது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இல்லை, இருந்தாலும் அந்த 'அவனால்' என் கட்சிக்காரர் யாரும் பணம் இழந்ததில்லை. தொழில் என்ற இடத்தில் யாரோ கிறுக்கியதால் இழந்திருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் நான் நடத்துபவை பெரும்பாலும் விபத்து இழப்பீட்டு வழக்குகள். நடவுக்குப் போன பெண்மேல் வண்டி மோதிவிட்டது என்று வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வங்கிப் படிவத்திலும் 'இல்லத்தரசி' என்று இருந்தால், 'இவருக்குக் கூலி வருமானமே இல்லை' என்று இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தக் காகிதங்களைத்தான். நடவுக் கூலிக்கு ரசீது ஏது? கூட நட்ட பெண்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அவர்களுக்கு அன்றைய கூலி போச்சு.

சரி, வீட்டு வேலைக்கு மதிப்பில்லையா? உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்களை வேலை செய்யாதோர் என்று தள்ளி, பிச்சையெடுப்போரோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்திருந்தது. 2010-இல் அருண்குமார் அகர்வால் என்பவரின் விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. 2021-இல் கீர்த்தி என்ற இன்னொரு விபத்து இழப்பீட்டு வழக்கிலும் வீட்டு உழைப்புக்கு வருமானம் கணக்கிட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் உங்கள் மாமியார் செய்வது இரண்டு வேலை. காகிதத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

வங்கியில் ஒரு கடிதம் கொடுத்து, தொழிலை 'விவசாயக் கூலி' என்று திருத்தச் சொல்லுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலை அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா, உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் மாமனாரை மட்டும் சேர்த்துவிட்டு இவரை விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டம் விவசாயத் தொழிலாளர்களுக்கும் உரியது, ஆண்களுக்கு மட்டும் என்று எங்கும் இல்லை. குடும்ப அட்டையையும் எடுத்துப் பாருங்கள். வீட்டில் 18 வயது நிறைந்த பெண்களில் மூத்தவரையே குடும்பத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் வீட்டு அட்டையில் யார் படம் இருக்கிறது?

படிவம் நிரப்பும் தம்பியைக் கோபிக்க வேண்டாம். அடுத்த முறை, கைநாட்டு வைப்பதற்கு முன்னால் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.