சுருங்கிய நுரையீரல் மடல்: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வலது நுரையீரலின் கீழ்மடல் (கீழ்ப்பகுதி) சுருங்கியிருக்கிறதாம். வலியால் இருமவே மறுக்கிறார். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்து கருவியை ஊதியும் பந்து எழவில்லை.

அது ஊதும் கருவி அல்ல, உறிஞ்சும் கருவி. வார்டில் தினமும் பார்க்கும் குழப்பம் இது. முதலில் வலிக்கு மருந்து கேளுங்கள். வலி இருக்கும்வரை மூச்சு மேலோட்டமாகவே ஓடும். கீழ்மடலுக்குக் காற்று போகாமல் சளி தேங்கி அடைத்துக்கொள்ளும். வலி தணிந்ததும் நிமிர்ந்து உட்காரவைத்து, தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவாக, ஆழமாக மூச்சிழுத்து 3 விநாடி நிறுத்தி விடட்டும். மூன்று, நான்கு முறை போதும். கொஞ்சம் சாதாரண மூச்சு. பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் ‘ஹா’ என்று ஒன்றிரண்டு முறை அழுத்தி விட வேண்டும். சளி தொண்டைக்கு வந்ததும் இருமித் துப்பலாம். கருவியில் மூன்று பந்தையும் சட்டென்று தூக்குவதைவிட, ஒரே பந்தை நிதானமாக மிதக்கவிட்டு நீளமாக உறிஞ்சுவதுதான் மடலை விரிக்கும். மருத்துவர் அனுமதித்தால் இன்றே நடக்கவையுங்கள்.

எந்தப் பக்கம் படுக்கவைப்பது?

பெரியவர்களுக்குப் பாதித்த பக்கம் மேலே, நல்ல பக்கம் கீழே. சளி வடியும், ரத்தமும் நல்ல நுரையீரலுக்கு அதிகம் போவதால் ஆக்சிஜன் அளவு தாங்கும். கைக்குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு மாறும், அதனால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தலையைத் தாழ்த்திப் படுக்கவைப்பதையும் வீட்டில் செய்ய வேண்டாம். சாப்பிட்டவுடனும், தலைக்காயம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.

முதுகில் தட்டினால் போதாதா?

போதாது. சளியை அசைக்கத் தட்டல் உதவலாம். மடலை விரிப்பது ஆழ்ந்த மூச்சுதான். தட்டினால் உள்ளங்கையைக் குழித்து, துணிமேல், விலாப் பகுதியில் மட்டும். முதுகெலும்பிலும் சிறுநீரகப் பக்கமும் கூடாது. விலா முறிவு, எலும்புத் தேய்மானம், சளியில் ரத்தம், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறைவு இருந்தால் தொடவே வேண்டாம்.

பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விடுவது) செய்தால் உடனே சரியாகுமா?

சளி அடைப்பு என்றால் முதலில் பிசியோதான். 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில், முறையான பிசியோவைவிட பிராங்கோஸ்கோப்பி கூடுதல் பலன் தரவில்லை. ஆனால் குழந்தை வேர்க்கடலையை மூச்சில் இழுத்துவிட்டது என்றால் கதையே வேறு. தட்டாதீர்கள். கடலை நகர்ந்துபோய் மூச்சுக்குழாயை அடைக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பிராங்கோஸ்கோப்பியில்தான் எடுக்க வேண்டும்.

நெஞ்சுக்குள் காற்று கசிந்து சுருங்கிய நுரையீரலுக்கும் இதேதானா?

இல்லை. அங்கே நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்று வெளியேற வேண்டும். பெரும்பாலும் குழாய் போடுவார்கள். அதுவரை பயிற்சி எதையும் தொடங்காதீர்கள்.