முதல் செமி-ஆட்டோ ஷாட்கன்: மாட்டுவதற்கு முன் சுட்டுப் பாருங்கள்

கேள்வி: பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடுவதற்காக முதன்முதலாக ஒரு 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) செமி-ஆட்டோ ஷாட்கன் வாங்கப் போகிறேன். தோட்டா அடுக்கும் நீளமான மேகசின் குழாய், பெரிய போல்ட் கைப்பிடி, பக்கவாட்டில் தோட்டா செருகும் பட்டை, இலகுவான ட்ரிகர் என்று ஒரு பட்டியலும் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கிவிடலாமா?

பதில்: துப்பாக்கியை மட்டும் வாங்குங்கள். பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம், பத்திரமாக இருக்கட்டும். ஐந்நூறு தோட்டா சுட்ட பிறகு அதை எடுத்துப் பாருங்கள். அதில் பாதி தேவையே இல்லை என்று உங்கள் தோளும் கையுமே சொல்லிவிடும். மிச்சமாகிற பணத்தைத் தோட்டாவிலும், நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் நாலைந்து வகுப்பிலும் போடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரட்டைக் குழல் துப்பாக்கியில் எதை மாட்டினாலும் அது பாட்டுக்குச் சுடும். செமி-ஆட்டோ அப்படியல்ல. ஒரு வெடி வெடித்ததும் காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றி, மறுபடி சுடத் தயாராக வேண்டும். இத்தனைக்கும் வேண்டிய சக்தியை அந்த ஒரு வெடியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் எதையும் மாட்டக் கூடாது.

இன்று விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை. வாயு வகையில், குழலில் உள்ள சிறு துளைகள் வழியாக வெடிமருந்துப் புகையின் ஒரு பங்கு வெளியே வந்து பிஸ்டனைத் தள்ளும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகைதான். உதை மென்மையாகத் தெரியும், ஆனால் கரி படியும், அடிக்கடி துடைக்க வேண்டும். இன்னொன்று இனர்ஷியா வகை. பெனெல்லி துப்பாக்கிகளால் பிரபலமானது. வெடித்ததும் துப்பாக்கி முழுவதும் பின்னால் நகரும். உள்ளே தோட்டாவின் பின்பக்கத்தை மூடியிருக்கும் கனமான போல்ட் மட்டும் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு ஸ்பிரிங் அமுங்கி, விரியும்போது போல்ட்டைப் பின்னால் எறியும். சுத்தமாக இருக்கும், எடையும் குறைவு. ஆனால் துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது உங்கள் தோட்டாப் பட்டைக்கு வருவோம். 12 போர் தோட்டா ஆறு சேர்ந்தால் ஏறக்குறைய கால் கிலோ. அதை மூன்று கிலோ எடையுள்ள இனர்ஷியா துப்பாக்கியின் பக்கத்தில் தொங்கவிட்டால், துப்பாக்கி பின்னால் நகர்வது குறைகிறது, ஸ்பிரிங் அமுங்குவதும் குறைகிறது. பயிற்சித் திடலில் ஒருவர் இப்படித்தான் புத்தம் புதுத் துப்பாக்கியில் பட்டை மாட்டி, 24 கிராம் ரவை (சிறு குண்டுகள்) கொண்ட தோட்டா போட்டுச் சுட்டார். மூன்றாவது வெடியில் காலித் தோட்டா வெளியே விழவில்லை. பித்தளை அடிப்பாகத்தைப் போல்ட் கவ்வியிருக்க, வாய்ப்பக்கம் மேலே நீட்டிக்கொண்டு அது வெளியேறும் வாயிலிலேயே நின்றது. பாவம், பழுதான துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். பட்டையைக் கழற்றி, 32 கிராம் தோட்டா கொடுத்தோம். அன்று மாலை வரை ஒரு தடங்கல் இல்லை. புதுத் துப்பாக்கிக்கு முதல் நூறு, இருநூறு வெடியைக் கொஞ்சம் பலமான தோட்டாவில் கொடுத்துப் பழக்குவது நல்லது. உங்கள் மாடல் எந்தத் தோட்டாவிலிருந்து ஒழுங்காக ஓடும் என்று கையேட்டிலேயே இருக்கும்.

நீளமான மேகசின் குழாய் களிமண் தட்டுக்குத் தேவையே இல்லை. ஒரு தட்டுக்கு ஒன்றோ இரண்டோ தோட்டாதான். முன்பக்கம் கனத்து, துப்பாக்கி தட்டைத் தொடர்ந்து போவதில் மந்தமாகும். சட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் மேகசினுக்குள் இரண்டு தோட்டாவுக்கு மேல் கூடாது. அமெரிக்காவில் வலசைப் பறவை வேட்டைக்கு மொத்தமே மூன்று. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று வாங்குவதற்கு முன்பே லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் சொன்னார் என்பது அங்கே எடுபடாது.

போல்ட் கைப்பிடி மாற்றுவதில் தவறில்லை. கையுறை போட்டுச் சுடுபவருக்கு உதவும், வேண்டாமென்றால் பழையதையே திரும்ப மாட்டிவிடலாம். ட்ரிகர் விஷயம் வேறு. அதை இலகுவாக்குவது என்றால், உள்ளே இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் அளவைக் குறைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. செமி-ஆட்டோவில் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் ஓங்கி அடித்து மூடுகிறது. பிடி போதாவிட்டால் அந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கலாம். வீட்டு மேசையில் அரம் வைத்துச் செய்கிற வேலையே அல்ல இது. முறையாகப் பயின்ற பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள். முதல் வருடத்தில் அதுவும் வேண்டாம்.

கேள்வி: வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கன்னம் வலிக்கிறது, தோளில் நீலம் பாய்ந்திருக்கிறது. ஜெல் ரப்பர் பேட் மாட்டலாமா, குழலின் நுனியில் துளை போடலாமா என்று இரண்டு யோசனை சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுக்கும் முன்னால், துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கன்னம் வலிப்பது பெரும்பாலும் கட்டையின் (தோளில் பதித்து, கன்னம் வைக்கும் பின்பகுதி) உயரமோ சாய்வோ ஒத்துவராததால்தான். துப்பாக்கி வந்த பெட்டியைத் திறந்து பாருங்கள். பல செமி-ஆட்டோக்களில் கட்டைக்கும் உடலுக்கும் நடுவே வைக்க மெல்லிய ஷிம் தகடுகள் கூடவே வரும். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கடைக்கு ஓடுபவர்கள் நிறைய. எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய தீர்வு அவர்கள் அலமாரியிலேயே கிடக்கிறது.

சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. பெரிய தாளில் ஒரு புள்ளி வைத்து, 16 கஜத்தில் நின்றுகொள்ளுங்கள். அளந்து குறி வைக்காமல், கண் புள்ளியில் இருக்க, துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்ததும் சுடுங்கள். நாலைந்து வெடி ஒரே தாளில். ரவைக் கூட்டத்தின் நடுப்பகுதி புள்ளிக்கு ஒரு அங்குலம் மேலே விழுந்தால், கன்னம் படுகிற இடம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாழ வேண்டும். இரண்டு அங்குலம் என்றால் எட்டில் ஒரு பங்கு. பக்கவாட்டுக்கும் இதே கணக்குதான். ஷிம்மை மாற்றுங்கள், மறுபடி சுடுங்கள். கூடவே உங்கள் ஆதிக்கக் கண் எது என்றும் பார்த்துவிடுங்கள். வலது தோளில் வைத்து இடது கண் ஆள்கிறதென்றால் எந்தத் தகடும் உதவாது, பயிற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

பேட் மாட்டுவது நல்ல மாற்றம்தான். ஆனால் தடிமனைப் பாருங்கள். பழையதைவிட அரை அங்குலம் தடிமன் என்றால் கட்டை அரை அங்குலம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். துப்பாக்கியைத் தூக்கும்போது அக்குளில் சிக்கும், நீங்கள் தோளின் ஓரத்தில் வைப்பீர்கள், வலி இன்னும் கூடும். அப்புறம், தோட்டாவைக் குறையுங்கள். 32 கிராமிலிருந்து 28க்கு வந்தாலே வித்தியாசம் தெரியும், தட்டும் அதே மாதிரி உடையும். உங்கள் துப்பாக்கி 28இல் ஒழுங்காக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழலில் துளை வேண்டாம். ஷாட்கன்னில் அதனால் உதை குறைவது சொற்பம், பக்கத்தில் நிற்பவர் காதுக்கு இரைச்சல் அதிகம், போட்ட துளையை அடைக்கவும் முடியாது. துளை இல்லாத 12 போரே 150 டெசிபலைத் தாண்டும். காதுக் கவசம் இல்லாமல் ஒரு வெடிகூடச் சுடாதீர்கள்.

கேள்வி: கூடுதல் சோக் (குழல் நுனியில் திருகி, ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழாய்) வாங்க வேண்டுமா? எந்தக் கம்பெனி சோக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. ஒவ்வொரு தயாரிப்பாளரின் மரையும் வேறு; ஒரே பெயருக்குள்ளேயே பழைய, புதிய மாடலுக்கு மரை மாறும். ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறதே என்று சுட்டுவிட்டால் குழல் நுனி பிளந்துவிடலாம். துப்பாக்கியோடு வந்த மூன்று, நான்கு சோக்கே முதல் வருடத்துக்கு ஏராளம். புதியவருக்கு ரவையைக் கொஞ்சமே குவிக்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டர் போதும், கொஞ்சம் தள்ளிப் போகும் தட்டுக்கு அதைவிடக் குவிக்கும் மாடிஃபைடு. எஃகு ரவையானால் மிக இறுக்கமான ஃபுல் சோக்கைத் தவிர்த்து, சோக்கின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். மரையில் துளி கிரீஸ் தடவி, சுடுவதற்கு முன் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வரட்டும். துப்பாக்கி காலி என்று உறுதி செய்த பிறகுதான் கை நுனிப்பக்கம் போக வேண்டும்.

கேள்வி: முன்னாள் உரிமையாளர் குழலை வெட்டிக் குட்டையாக்கி, தோட்டா ஏற்றும் வாயையும் ராவி அகலப்படுத்திய பழைய துப்பாக்கி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வெட்டிய குழலில் நுனியோடு சோக்கும் போய்விடுகிறது. வாயு வகையானால், துளைக்கு முன்னால் இருக்கும் நீளம் குறைந்து, பிஸ்டனுக்குக் கிடைக்கும் தள்ளலும் குறையலாம். நீளம் சட்ட எல்லைக்குக் கீழே போயிருந்தால் வெட்டியவர் யாராக இருந்தாலும் கையில் வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அந்த எல்லை 18 அங்குலம், பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழுக்கு 24.

யாரும் கை வைக்காத பழைய துப்பாக்கி என்றால் தாராளமாகப் பாருங்கள். 1100 வகையில் மேகசின் குழாயின் மேல் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். அது விரிசல் விட்டாலே துப்பாக்கி தடுமாறும், விலையோ மிகக் குறைவு. 1902 முதல் தயாரான பிரவுனிங் ஆட்டோ-5இல் குழலே பின்னால் போய் வரும். லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, பலமானதற்கு இன்னொரு மாதிரி என்று உராய்வு வளையங்களை மாற்றி அடுக்க வேண்டும். தவறாக அடுக்கிப் பலமான தோட்டா சுட்டிருந்தால் முன்கைக் கட்டையில் விரிசல் தெரியும். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் மனைவிக்கு 20 போர், எனக்கு 12. தோட்டாவை ஒரே பையில் எடுத்துப் போகலாமா?

பதில்: கூடவே கூடாது. 20 போர் தோட்டா 12ஐவிட ஒல்லியானது; 12 போர் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலின் தொடக்கத்தில் நின்றுவிடும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டா ஏறி வெடித்தால் குழல் உங்கள் இடது கைக்குப் பக்கத்திலேயே பிளக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். இரண்டு பை வாங்குங்கள். ஒன்றைச் சுடும் இடத்துக்கு எடுத்துப் போகும்போது மற்றது வண்டியிலேயே பூட்டி இருக்கட்டும்.