வாசகர் கேள்வி – பதில்: வாடகை வீட்டில் எகிறிய கரண்ட் பில்

கேள்வி: ஹட்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பிள்ளை. எங்களுக்குத் தனி மீட்டர், ஆனால் பில் வீட்டுக்காரர் பெயரில். அவர் இருப்பது கொழும்பில். வழக்கமாக மாதம் 75 யூனிட் ஓடும், 1,480 ரூபா அளவில் வரும். ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் 40 யூனிட் என்று போட்டு 436 ரூபாதான் வந்தது. ஒக்டோபரில் ஒரேயடியாக 145 யூனிட், 4,680 ரூபா! வீட்டில் புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "பாவித்தவர்கள்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முற்பணத்தில் கழிப்பேன்" என்கிறார். யாரிடம் போய் முறையிடுவது, அக்கா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, 4,680 ரூபாவைப் பார்த்துப் பதறியிருக்கிறீர்கள், அது நியாயம். ஆனால் எனக்குக் கண்ணில் படுவது அந்த 436 ரூபா பில்கள் இரண்டும்தான். எப்போதும் 75 யூனிட் ஓடுகிற வீட்டில் திடீரென்று இரண்டு மாதம் அச்சுப்போல 40, 40 என்று எப்படி வரும்? பகலில் வீட்டில் ஆள் இல்லை, கேட் பூட்டியிருக்கும், மீட்டர் உள்ளே இருக்கும். மீட்டர் பார்க்க வருபவர் உள்ளே வர முடியாவிட்டால் உத்தேசமாக ஒரு கணக்குப் போடுவது உண்டு. அப்புறம் ஒரு நாள் உண்மையான இலக்கத்தைப் பார்க்கும்போது விட்டுப்போன யூனிட் எல்லாம் ஒரே மாதத்தின் தலையில் விழும். 40, 40, 145 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 225 வருகிறது. மூன்றால் பிரித்தால் அதே 75. உங்கள் வீட்டில் கரண்ட் கூடுதலாக ஓடவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, கூடுதலாக ஓடவில்லை என்றால் காசு ஏன் கூடியது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 2025 ஜூன் கட்டணத்தில் 60 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு முதல் 30 யூனிட் 4.50 ரூபா, அடுத்த 30 யூனிட் 8 ரூபா. 60ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை முதல் யூனிட்டிலிருந்தே போய்விடும்: 60 வரை 12.75, 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேலே 61 ரூபா. நிலையான கட்டணமும் கூடவே ஏறும், 75 யூனிட்டுக்கு 400 ரூபா என்றால் 145 யூனிட்டுக்கு 1,500 ரூபா. இதற்கு மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி. ஆக, மூன்று மாதமும் 75, 75, 75 என்று ஒழுங்காகப் போட்டிருந்தால் நீங்கள் சுமார் 4,440 ரூபா கட்டியிருப்பீர்கள், இப்போது மூன்று பில்லும் சேர்ந்து 5,550ஐத் தாண்டுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது அந்த ஆயிரத்து நூறு ரூபா வித்தியாசத்தைத்தான். 4,680 ரூபாவும் பிழை என்று சொல்லிக்கொண்டு போனால் முதல் பேச்சிலேயே தோற்றுவிடுவீர்கள், ஏனென்றால் அதில் பெரும்பகுதி ஒக்டோபரில் பாவித்த கரண்டும், நீங்கள் ஏற்கெனவே பாவித்துக் குறைவாகக் கட்டிய கரண்டும்தான்.

அதனால் ரூபாவைப் பற்றிப் பேசாதீர்கள், யூனிட்டைப் பற்றிப் பேசுங்கள். இன்றைக்கே மீட்டரைப் போனில் படம் எடுங்கள், மீட்டர் இலக்கமும் தெரிய வேண்டும், திகதியும் இருக்க வேண்டும். பில்லில் உள்ள மீட்டர் இலக்கம் உங்கள் மீட்டருடையதுதானா என்று பாருங்கள். கீழ்வீட்டு மீட்டரும் உங்களுடையதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மாறிப்போகவும் இடமுண்டு. பில்லில் முந்திய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, நாட்கள், நிலுவை இந்த நான்கையும் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நாட்களைக் கட்டாயம் பாருங்கள். மேலே சொன்ன படிகள் 30 நாளுக்கானவை, நாள் கூடினால் அதற்கேற்ப படியும் விரிய வேண்டும்.

ஒருவேளை கேட் பூட்டியிருந்த கதை இல்லை, மூன்று வாசிப்பும் உண்மையாகப் பார்த்து எழுதியவைதான் என்று தெரியவந்தால், அப்போது வீட்டுக்குள் தேட வேண்டும். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். பழைய மீட்டர் என்றால் தட்டு சுற்றக்கூடாது, புதியது என்றால் சின்ன விளக்கு மினுங்கக்கூடாது. அப்படியும் ஓடினால் மீட்டரில் கோளாறு, அல்லது இடையில் யாரோ கம்பி இழுத்திருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் மீட்டரிலோ அதன் சீலிலோ கை வைக்க வேண்டாம், பழி உங்கள் மேல் வரும். மெயினை அணைத்தபோது கீழ்வீட்டில் ஒரு பல்ப் அணைந்தால் அவர்களுடைய ஒரு லைன் உங்கள் கணக்கில் ஓடுகிறது. ஈரச் சுவரால் கரண்ட் கசிகிறது என்று மலைநாட்டில் அடிக்கடி சொல்வார்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் ஸ்விட்ச் சரியாக வேலை செய்தால் பில்லை மும்மடங்காக்கும் அளவுக்குக் கசிய விடாது, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் பில்லை விடுங்கள், உயிருக்கே ஆபத்து, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுடுதண்ணி ஷவர் இருக்கிறதா? 3,500 வாட்ஸ் ஷவர் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் ஓடினாலே மாதம் 52 யூனிட்டைத் தாண்டும். மழைக்காலத்தில் ஹட்டன் குளிரில் பிள்ளையைச் சுடுதண்ணியில் குளிப்பாட்டாமல் இருக்க முடியாது, அதை நான் குறை சொல்லவில்லை, கணக்கில் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முறைப்பாடு செய்ய 1987 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆனால் என் அனுபவத்தில் கையில் கடிதத்தோடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு நேரில் போவதுதான் பலிக்கும். கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால், "இவர் என் வாடகையாளர், என் சார்பில் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசலாம்" என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் மறுக்க ஒரு காரணமும் இல்லை, திருத்தம் வந்தால் அவர் கணக்குத்தான் சுத்தமாகிறது. கடிதம் நீளமாக வேண்டாம்: "ஆகஸ்ட், செப்டெம்பர் வாசிப்புகள் மீட்டரைப் பார்த்து எடுக்கப்பட்டவையா என்று அறியத்தாருங்கள். இல்லையென்றால் மொத்தம் 225 யூனிட்டையும் மூன்று மாதங்களுக்குப் பிரித்துக் கணக்கிட்டுத் தாருங்கள். மீட்டரின் இன்றைய படம் இணைப்பில் உள்ளது." இவ்வளவு போதும். தமிழிலேயே எழுதுங்கள். அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் நமக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது, சிங்களத்தில் எழுதி வாங்கி வா என்று யாராவது சொன்னால் தயங்காமல் அதை எடுத்துச் சொல்லுங்கள். பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். அங்கே சரிவரவில்லை என்றால், மின்கட்டணத்தை அங்கீகரிக்கிற இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நுகர்வோர் முறைப்பாடுகளையும் எடுக்கிறது, அதே பிரதியோடு அங்கே எழுதலாம்.

இதற்கிடையில் பில்லைக் கட்டாமல் வைத்திருக்காதீர்கள். முறைப்பாடு தீரும் வரை ஒரு பகுதியைக் கட்டலாமா, தவணை தருவார்களா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். கரண்டை வெட்டிவிட்டால் திரும்பப் பூட்டுவதற்கும் காசு, பிள்ளையோடு இருட்டில் இருப்பதும் நீங்கள்தான்.

கேள்வி: பண்டாரவளையில் ஒரு வீட்டின் பின்பக்கம் இருக்கிறோம். மொத்த வீட்டுக்கும் ஒரே மீட்டர், எங்களுக்குச் சப் மீட்டர். போன மாதம் வீடு முழுக்க 210 யூனிட், அதில் எங்களுடையது 70. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 61 ரூபா போட்டு 4,270 கேட்கிறார். சரியா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: சரியில்லை, தம்பி. 2025 ஜூன் கட்டணத்தில் 61 ரூபா என்பது 180க்கு மேலே ஓடிய கடைசி 30 யூனிட்டுக்கு மட்டும்தான். 210 யூனிட்டுக்கு வரியோடு மொத்த பில்லே 8,650 ரூபா அளவில்தான் வரும். உங்கள் பங்கு மூன்றில் ஒன்று, 2,880 ரூபா அளவு. நீங்கள் 4,270 கொடுத்தால் மற்றவர்களின் பாவனையையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். அசல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள், மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து உங்கள் யூனிட்டால் பெருக்குங்கள் என்று அவர் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பலருக்கு இந்தப் படிக் கணக்கு தெரியாது, ஏமாற்றத்தான் கேட்கிறார் என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று. தனி மீட்டர் இருந்தால் அதே 70 யூனிட்டுக்கு நீங்கள் 1,385 ரூபா அளவில்தான் கட்டுவீர்கள். ஒரே மீட்டரில் எல்லோரும் சேர்வதால்தான் எல்லோருமே மேல்படிக்கு ஏறுகிறீர்கள், வீட்டுக்காரரும் சேர்த்து. தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பது பற்றி அவரிடம் பேசுங்கள், செலவைப் பகிரத் தயார் என்று சொல்லிப் பாருங்கள். பேசியும் இறங்கி வரவில்லை என்றால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போங்கள், இந்த மாதிரிக் காசுத் தகராறுகளை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே பேசித் தீர்க்கலாம். போகும்போது சப் மீட்டரின் மாதாந்தப் படங்களும், நீங்கள் இதுவரை கொடுத்த காசுக்கு அவர் கையெழுத்திட்ட துண்டுகளும் இருக்க வேண்டும். இதுவரை துண்டு வாங்கியதில்லை என்றால் இந்த மாதத்திலிருந்து வாங்குங்கள்.