தனி மனிதரால் பருவநிலை மாற்றத்துக்கு எதிராக என்னதான் செய்ய முடியும்?

துணிப்பை எடுத்துச் செல்வது, மரக்கன்று நடுவது தவிர நம்மைப் போன்ற சம்பளக்காரர்களால் என்ன ஆகும் என்று சலிப்போடு கேட்டிருக்கிறீர்கள். அதே சலிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிப்பவன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் இருந்த என் மாமனாரின் முந்திரித் தோப்பு ஒரே காலையில் சாய்ந்துபோனது. அதன்பின் மரம் நடு விழாக்கள் பலவற்றுக்குப் போனேன். அங்கே படமெடுக்கப்பட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்பதை எழுதாமல் விடுகிறேன்.

பிறகுதான் மின்கட்டணக் கணக்கைப் பார்த்தேன். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவழித்த என் வீட்டின் பங்கு மட்டும் 420 கிலோ. (நெய்வேலியைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம், என் மைத்துனர் குடும்பம் சாப்பிட்டதே அந்தச் சுரங்கச் சம்பளத்தில்தான்.) 2024-இல் ஒன்றிய அரசின் 78,000 ரூபாய் மானியத்தோடு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளைப் பொருத்தினேன். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வருகிறது.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து மின்சாரம் நின்றது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த பிறகும் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றவில்லை. "தலைக்கு மேல சூரியன் இருந்தும் காத்து வரலையே சார்" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரை நம் மாடி மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, பொது மின்சாரம் நின்றால், தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பேட்டரி வைத்தால் ஓடும், ஆனால் அதற்குத் தனிச்செலவு. பொருத்தும் முன்பே இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

சொந்த மாடி உள்ளவன் பேசுகிறான் என்பீர்கள், நியாயம்தான். வாடகை வீட்டில் இருப்பவர், 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாகச் சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறியை வாங்கலாம், வீடு மாறும்போது கழற்றியும் கொண்டுபோகலாம்.

அன்று சிரித்த எதிர்வீட்டுக்காரர் போன மாதம் விண்ணப்பம் பற்றி விசாரிக்க வந்தார். அவர் மாடியில் வேப்பமர நிழல் விழுகிறது, வெட்டிவிடலாமா என்றார். வெட்ட வேண்டாம், நிழல் படாத மேற்கு மூலையில் 2 கிலோவாட் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.