பாரில் ஓப்பன் மைக்: கேட்டவர்களுக்குப் பதில்

பெங்களூரு பப்களில் சில வருடங்களாக ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறேன். யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்து மேடை ஏறலாம் என்பதுதான் ஓப்பன் மைக். அதில் முதல்முறை மேடை ஏறப் போகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐந்து நிமிடம் தருகிறார்கள். எவ்வளவு எழுதிக்கொள்ள வேண்டும்? (சேலம்)

நான்கு நிமிடத்துக்கு எழுதுங்கள். சிரிப்பு விழுந்தால் அதற்கும் நேரம் போகும். கடைசி நிமிடத்தில், நிகழ்ச்சியை நடத்தும் ஹோஸ்ட் கூட்டத்துக்குப் பின்னால் நின்று மொபைல் டார்ச்சைக் காட்டுவார். பார்த்ததும் சொல்லிக்கொண்டிருக்கும் பிட்டை, அதாவது அந்த ஜோக்கை, முடித்து இறங்கிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் கையில் பேப்பரோடு காத்திருக்கிறார்கள். அவர்கள் நேரத்தைத் தின்பது தப்பு.

அண்ணா, யாருமே கவனிக்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது? (ஓசூர்)

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கூட்டம் குறைந்த திங்கள், செவ்வாய் மாதிரி நாளில்தான் பப்காரர்கள் பெரும்பாலும் ஓப்பன் மைக் வைக்கிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ஆபிஸ் முடிந்து பியர் குடிக்க வந்தவர்கள். மைக் சத்தம் கேட்ட பிறகுதான் காமெடி நடக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியும். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். கேட்கிற நாலு பேரைப் பார்த்துப் பேசுங்கள், அவர்கள் சிரித்தால் பக்கத்து மேஜை தானாகத் திரும்பும். நீளமான கதை பாரில் எடுபடாது. முதல் சிரிப்பு முப்பது வினாடிக்குள் வந்துவிட வேண்டும்.

ஒருமுறை மேடைக்கு எதிரே டிவியில் ஐபிஎல் ஓடிக்கொண்டிருந்தது. என் பஞ்ச் வரும் நேரத்தில் சிக்ஸர் போனது, கூட்டம் கத்தியது. நான் எதுவும் நடக்காத மாதிரி தொடர்ந்தேன், கடைசிவரை ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்து வந்தவர் ஸ்கோர் என்ன என்று கேட்டார், அவர்களோடு சேர்ந்து கைதட்டினார், அப்புறம்தான் ஆரம்பித்தார். மொத்த இடமும் அவர் பக்கம் திரும்பியது. கிளாஸ் உடைந்தாலும் மிக்ஸி ஓடினாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

குடித்தவர் குறுக்கே கத்தினால்? (சென்னை)

முதல் தடவை சிரித்துவிட்டு நகருங்கள். பல பேர் உதவுவதாக நினைத்துத்தான் கத்துகிறார்கள். விடாமல் கத்தினால் ஹோஸ்ட்டைப் பாருங்கள், அடக்குவது அவர் வேலை. கத்துகிறவருடைய உருவம், சாதி, கூட வந்த பெண் எதையும் வைத்து ஜோக் அடிக்காதீர்கள். நீங்களும் ஏறுவதற்கு முன் குடிக்க வேண்டாம், டைமிங் போய்விடும்.

அரசியல், மதம் பேசலாமா? (மதுரை)

பேசுவது உங்கள் உரிமை. ஆனால் 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் காமெடியன் முனவ்வர் ஃபாரூக்கி, மத உணர்வைப் புண்படுத்தினார் என்ற புகாரில் கைதானதை மறக்காதீர்கள். ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார், பிப்ரவரி 5-ல்தான் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. ஓப்பன் மைக்கில் நாம் சொல்வது பாதி வெந்த ஜோக். அதை யாராவது மொபைலில் எடுத்துப் போட்டால் முழு அர்த்தமும் போய்விடும். இந்த மாதிரி பிட்டை முதலில் நம்பிக்கையான காமெடியன்கள் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள்.

லண்டன் பப்பில் கூட ஒரு ஆளை அழைத்து வந்தால்தான் வாய்ப்பு என்கிறார்கள். நியாயமா? (ஈஸ்ட் ஹாம்)

அங்கே அது வழக்கம்தான், பிரிங்கர் என்பார்கள். காலி அறையில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதால் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. உங்கள் நண்பரைக் கடைசிவரை இருக்கச் சொல்லுங்கள். ஆள் அழைத்து வருவதெல்லாம் பரவாயில்லை. அதே லண்டனில், 1979-ல் சோஹோவில் தொடங்கிய காமெடி ஸ்டோர் கிளப்பில், பிடிக்காத ஆளைக் காங் மணி அடித்தே இறக்கினார்கள்.

எனக்கு 19 வயது. பாரில் செய்யலாமா? (கோவை)

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது, அதனால் பெரும்பாலும் பாருக்குள்ளேயே விடமாட்டார்கள். கஃபேயில் நடக்கும் ஓப்பன் மைக்கில் தொடங்கு தம்பி.

நேற்று ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. விட்டுவிடலாமா? (திருச்சி)

மொபைலில் பதிவு செய்தீர்களா? இல்லையென்றால் அடுத்த தடவை கட்டாயம் செய்யுங்கள். மறுநாள் காலையில் கேட்டால், லேசாக ஒரு சிரிப்பு எங்கேயாவது இருக்கும். அந்த வரியை முதலில் வைத்து, முன்னால் இருந்த விளக்கத்தைப் பாதியாக வெட்டி, இதே செட்டை, அதாவது இதே ஜோக்குகளை, இந்த வாரமே வேறொரு இடத்தில் சொல்லிப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.