கட்டி உள்பக்கம் இருக்கிறதாம், மார்பை முழுக்க எடுத்துவிடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது, அரசு தரும் முதியோர் பென்ஷன் வாங்குகிறார். இடது மார்பில் நெஞ்செலும்பை ஒட்டிய கீழ்ப்பகுதியில் 2.3 செ.மீ. கட்டி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது, அக்குள் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. உள்பக்கம் வந்தால் பிழைப்பது கஷ்டம், மார்பையே எடுத்துவிடச் சொல் என்கிறாராம் பெரியம்மா. இதற்கு நடுவில் ஓர் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து, இந்த மாதமே மெடிக்கல் எய்டில் (மாதச் சந்தா கட்டும் மருத்துவக் காப்புத் திட்டத்தில்) சேர்ந்துவிட்டால் பிரைவேட்டில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், பயாப்ஸி விஷயத்தை மட்டும் ஃபாரத்தில் எழுத வேண்டாம் என்கிறாராம்.

தம்பி, ஏஜெண்டை முதலில் வெளியே அனுப்புங்கள். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நோய் எந்த நிலை என்று டாக்டர்கள் சொல்வது கட்டியின் அளவு, நெறிக்கட்டுகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா, உடம்பில் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்பதை வைத்துத்தான். மார்பின் எந்த மூலையில் இருக்கிறது என்பது அந்தக் கணக்கிலேயே கிடையாது. 2.3 செ.மீ., அக்குளிலும் இல்லை என்றால் அது இரண்டாம் நிலையின் தொடக்கம். இதைவிட முக்கியம் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கிற ஹார்மோன் ஏற்பி (கட்டி ஹார்மோனால் வளர்கிற வகையா என்பது), ஹெர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்), கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது) ஆகிய மூன்றும். அம்மாவுக்கு மாத்திரை போதுமா, கீமோ வேண்டுமா, நோய் திரும்ப வருமா என்பதில் இவை பேசுகிற அளவுக்கு இடம் பேசாது. அந்த ரிப்போர்ட்டின் நகல் உங்கள் கையில் இருக்கிறதா? இல்லை என்றால் நாளைக்கே கேட்டு வாங்குங்கள். ஃபைல் கிளார்க் முறைப்பார், முறைக்கட்டும்.

பெரியம்மா சொல்வதும் முழுப் பொய் இல்லை. மார்புப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி, அக்குள் பக்கத்து மேல்பகுதியில் வருகிறது, காரணம் பால் சுரப்பித் திசு அங்கேதான் அதிகம். உள்பக்கம் வருவது குறைவு, ஆனால் வந்தவர்களுக்கு முடிவு கொஞ்சம் மோசமாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சிலவற்றில் அந்த வித்தியாசமே தெரியவில்லை. நிணநீர் ஓடும் வழியை வைத்துத்தான் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். மார்பின் எந்தப் பகுதியிலிருந்தும் நிணநீர் பெரும்பாலும் அக்குளுக்குத்தான் போகும், உள்பக்கத்திலிருந்தும் அப்படியே. ஆனால் உள்பக்கக் கட்டியிலிருந்து கொஞ்சம், நெஞ்செலும்பின் ஓரமாக விலா எலும்புகளுக்கு இடையில் வரிசையாக இருக்கும் நெறிக்கட்டுகளுக்கும் போகலாம். ஆபரேஷனில் அக்குளைத்தான் சோதிப்பார்கள், நெஞ்செலும்புப் பக்கம் வழக்கமாகக் கை வைப்பதில்லை. அதனால் அக்குள் சுத்தம் என்று எழுதியிருந்தாலும் சிலரிடம் அந்த வரிசையில் நோய் ஒளிந்திருக்கலாம்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் கேளுங்கள், இங்கேதான் இடம் என்பது உண்மையிலேயே கணக்கில் வருகிறது. நெஞ்சு ஸ்கேனில் அந்த நெறிக்கட்டு வீங்கித் தெரிந்து, அது நோய்தான் என்று உறுதியானால், அக்குள் சுத்தமாக இருந்தாலும் நிலை இரண்டிலிருந்து மூன்றுக்குப் போய்விடும், சிகிச்சையும் மாறும், ரேடியேஷன் அந்த வரிசைக்கும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டில் நோய் கிடைத்தது, கட்டியும் உள்பக்கம் என்றால், அப்போதும் அந்த வரிசையைச் சேர்ப்பதா என்று பேச வேண்டும். இரண்டும் சுத்தம் என்றால்தான் இழுபறி. 2015இல் வெளிவந்த ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில், அக்குள் சுத்தமாக இருந்து கட்டி உள்பக்கமோ நடுவிலோ இருந்த பெண்களையும் சேர்த்திருந்தார்கள். அந்த வரிசைக்கும் கழுத்தெலும்புப் பக்கத்துக்கும் ரேடியேஷன் கொடுத்ததில் நோய் திரும்புவதும், இந்த நோயால் சாவதும் குறைந்தன, மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதனால் எல்லாருக்கும் கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் "கட்டி உள்பக்கம், நெஞ்செலும்பு நெறிக்கட்டுகளைப் பார்த்தீர்களா, ரேடியேஷனில் சேர்க்கிறீர்களா?" என்று கேட்க வேண்டியது நீங்கள். ரிப்போர்ட்டில் கட்டி இருக்கும் இடத்தை எழுதிவிட்டு, அதை யாரும் திரும்பிப் பார்க்காமலே ஃபைல் மேசைக்கு மேசை நகர்வதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மார்பை எடுத்தால் இந்தப் பயம் தீராது. அந்த வரிசை மார்புக்குள் இல்லை, எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. மார்பை முழுதாக எடுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும், முழுதாக எடுத்தவர்களும் ஒரே அளவு ஆயுளோடு இருந்தார்கள் என்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2002இலேயே எழுதிவிட்டார்கள். இங்கே ரேடியேஷனுக்குக் காத்திருக்கும் வரிசை நீளம் என்பதற்காகவே மார்பை எடுக்கச் சம்மதிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் குவாசுலு-நடால் மாகாணச் சுகாதாரத் துறை புற்றுநோயாளிகளின் உரிமையை மீறியிருக்கிறது என்று தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே 2017இல் அறிக்கை கொடுத்தது. ரேடியேஷன் தேதியை ஆபரேஷனுக்கு முன்பே பேசி எழுதி வாங்குங்கள், ஆறின பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இப்போது ஏஜெண்ட். மெடிக்கல் எய்டில் புதிதாகச் சேருகிறவருக்கு 3 மாதப் பொதுக் காத்திருப்பு வைக்கலாம், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 12 மாதம் வரை பணம் தராமல் இருக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. அம்மாவுக்கு ஆபரேஷன் இப்போது வேண்டும், அடுத்த வருஷம் அல்ல. பயாப்ஸியை மறைத்து எழுதினால், முதல் பில் போனதும் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டி எடுப்பார்கள், உறுப்பினர் பதவியே போய்விடும், பில் உங்கள் தலையில் விழும். ஏஜெண்ட் தன் கமிஷனோடு போய்க்கொண்டே இருப்பார். இன்னொரு ரகம், ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் பாலிசியை மெடிக்கல் எய்ட் மாதிரி பேசி விற்பது. அது மெடிக்கல் எய்டே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் முன்னால் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்கிறவருக்கு ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். அரசின் முதியோர் பென்ஷன் வாங்குகிறவருக்கு அங்கே கட்டணம் கிடையாது, பென்ஷன் அத்தாட்சியைக் காட்டினால் போதும்.

அப்புறம், அம்மாவுக்கு இடது பக்கம் என்பதால் நோயின் போக்கு மாறாது. ஆனால் ரேடியேஷன் இதயத்துக்குப் பக்கத்தில் போகும், அதிலும் நெஞ்செலும்பு வரிசையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கிட்டப் போகும். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயம் விலகியிருக்கும் நேரத்தில் கதிரை வைக்கும் முறை உண்டு. அது அங்கே இருக்கிறதா என்று ரேடியேஷன் டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.